எந்தத் தத்துவம் உங்களுடையது? ஆன்லைன் க்விஸ் எடுப்பவர்களும் தயாரிப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

பத்துக் கேள்விக்குப் பதில் தட்டினால் "நீங்கள் ஒரு ஸ்டோயிக்", "நீங்கள் இருத்தலியல்வாதி" என்று படத்தோடு சொல்லிவிடும் க்விஸ்கள் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் படிப்பகங்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்களிலும் இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. முதலில் க்விஸ் எடுப்பவர்களுக்கு. பிறகு தமிழில் சொந்தமாக ஒன்று தயாரிக்க நினைப்பவர்களுக்கு.

இந்த க்விஸ் உள்ளே எப்படித்தான் கணக்குப் போடுகிறது?

ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு மார்க் அட்டவணை ஒளிந்திருக்கிறது. "கொடுத்த வாக்கை எந்த நிலையிலும் மீற மாட்டேன்" என்பதைத் தட்டினால் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டின் கடமை நெறிக்கு 2, ஸ்டோயிக்குக்கு 1 என்று ஏறும். "நிறையப் பேருக்கு நன்மை என்றால் மீறலாம்" என்பதைத் தட்டினால் பெந்தாம், மில் சொன்ன பயன்வாதத்துக்கு 2. கடைசியில் எந்தப் பெயருக்கு அதிகம் சேர்ந்ததோ, அதன் படம் திரையில் வரும். அவ்வளவுதான்.

கோளாறும் இங்கேதான். எல்லாத் தத்துவத்துக்கும் அட்டவணையில் சம வாய்ப்பு இருப்பதில்லை. ஒரு க்விஸில் ஸ்டோயிக்குக்குக் கிடைக்கக்கூடிய மொத்த மார்க் 18, எதையும் உறுதியாகத் தெரியும் என்று சொல்லாத ஐயவாதத்துக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஸ்டோயிக்கில் 9, ஐயவாதத்தில் 6 எடுக்கிறீர்கள். மொத்தத்தைப் பார்த்தால் ஸ்டோயிக் ஜெயிக்கிறது. ஆனால் 18க்கு 9 என்பது 50 சதவீதம். 8க்கு 6 என்பது 75 சதவீதம். உங்கள் பதில்கள் உண்மையில் சாய்ந்தது ஐயவாதம் பக்கம். குரூப்பில் எல்லாருக்கும் ஒரே ரிசல்ட் வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டு தத்துவம் ஒரே மார்க் எடுத்தால்? பல க்விஸ்களில் அதற்கென்று தனி விதி எதுவும் இருப்பதில்லை. பட்டியலில் முதலில் எழுதியிருக்கும் பெயர் வந்து நிற்கும்.

ரிசல்ட்டைப் படித்தால் என்னைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறதே?

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் "இது உங்களுக்கான முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே 13 வாக்கியங்கள். பெரும்பாலும் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

"வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் உங்களுக்குக் கவலைகள் உண்டு" என்று கிளி ஜோசியக்காரர் சொன்னாலும் பொருந்தும், க்விஸ் சொன்னாலும் பொருந்தும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. மூன்று பேரின் ரிசல்ட்டைத் தத்துவத்தின் பெயரை மட்டும் நீக்கிவிட்டுக் கலந்து வைத்து, தன்னுடையது எது என்று ஒவ்வொருவரையும் எடுக்கச் சொல்லுங்கள். யாராலும் சரியாக எடுக்க முடியவில்லை என்றால் அந்தப் பத்திகளில் தத்துவம் இல்லை. பொதுப் புகழ்ச்சிதான் இருக்கிறது.

எனக்கு "ஸ்டோயிக்" என்று வந்தது. உணர்ச்சி இல்லாத ஆள் என்று அர்த்தமா?

இல்லை. க்விஸ்கள் மிக அதிகமாகக் கெடுத்து வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஸீனோ தொடங்கியது இந்த நெறி. கப்பல் உடைந்து சரக்கெல்லாம் போன பிறகு ஏதென்ஸில் தங்கிவிட்ட வணிகர் அவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார். அந்த மண்டபத்தின் பெயர்தான் ஸ்டோவா. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் திண்ணையில் பிறந்த தத்துவம். பின்னாளில், ஒரு காலத்தில் அடிமையாக இருந்த எபிக்டீடஸும் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸும் அதே நெறியில் நின்றார்கள்.

அவர்கள் சொன்ன அடிப்படை, நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்ப்பது. கேரம் ஆடுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்ட்ரைக்கரை எங்கே வைக்கிறோம், எவ்வளவு விசையில் சுண்டுகிறோம் என்பது நம் விரலில் இருக்கிறது. விரலை விட்டுப் போன பிறகு போர்டில் பவுடர் எப்படிப் படிந்திருக்கிறது, காயின் ஓரத்தில் பட்டு எப்படித் திரும்புகிறது என்பது நம் விரலில் இல்லை. நன்றாகச் சுண்டியும் காயின் விழவில்லை என்றால் ஸ்டோயிக் ஆட்டக்காரர் தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டார்; ஆனால் கவனமில்லாமல் சுண்டியதற்குக் கட்டாயம் வருந்துவார். கோபம், பேராசை, அச்சம் போன்ற தவறான கணிப்பிலிருந்து பிறக்கும் உணர்ச்சிகளைத்தான் விலக்கச் சொன்னார்கள். நல்ல மகிழ்ச்சி, நியாயமான எச்சரிக்கை, பிறர் நலம் விரும்புதல் ஆகியவற்றை நல்ல உணர்ச்சிகள் என்றே தனியாக வகைப்படுத்தி வைத்திருந்தார்கள்.

"அழுவது பலவீனம்" என்பதற்கு ஸ்டோயிக் மார்க் தருகிற க்விஸை நம்பாதீர்கள்.

"எபிக்கூரியன்" என்று வந்திருக்கிறது. வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள், நான் சர்ச்சுக்குப் போகிறவள். இது குடித்துக் கூத்தடிப்பவர்களின் தத்துவம் இல்லையா?

எபிக்கூரஸ் (கி.மு. 341–270) இன்பம்தான் குறிக்கோள் என்றார், உண்மை. ஆனால் அவர் சொன்ன இன்பம் உடலில் வலியின்மை, மனத்தில் கலக்கமின்மை. ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று இருந்தவர். ஒரு சின்னப் பானையில் பாலாடைக்கட்டி அனுப்பினால் வேண்டும்போது விருந்து வைத்துக்கொள்வேன் என்று நண்பருக்கு எழுதியதாகக் குறிப்பு இருக்கிறது. அவருடைய விருந்தே அவ்வளவுதான்.

கடவுளர் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அவர்கள் மனித விவகாரத்தில் தலையிடுவதில்லை என்றார். நீங்கள் "கூட்டமான கொண்டாட்டத்தைவிட நாலு நண்பர்களோடு அமைதியாக இருப்பது பிடிக்கும்" என்பதைத் தட்டியிருப்பீர்கள். அந்த ஒரு துண்டு பொருந்தியிருக்கிறது. அதற்காக உங்கள் வழிபாடு மாறிவிடவில்லை.

போன வாரம் ஒன்று வந்தது, இந்த வாரம் வேறு வருகிறது. எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே முதல் இரண்டு இடத்தில் மாறி மாறி நிற்பவை. ஒரு கேள்வியில் 4க்குப் பதில் 5 தட்டினாலே வரிசை மாறிவிடும். முழு மார்க் பட்டியலைக் காட்டும் க்விஸாகப் பார்த்து எடுங்கள். இரண்டு வாரம் கழித்து, பழைய பதில்களைப் பார்க்காமல் மறுபடி எடுங்கள். இரண்டு முறையும் மேலே மூன்றுக்குள் வரும் பெயர்களை மட்டும் கணக்கில் வையுங்கள். எடுக்கும் நேரமும் பாதிக்கும்: சண்டை போட்டுவிட்டு எடுத்தால் "மனிதர்களை நம்பலாமா" என்ற கேள்விக்கு வேறு பதில்தான் வரும்.

அப்படியானால் ரிசல்ட்டால் என்ன பயன்?

ரிசல்ட்டைவிட, எந்தக் கேள்வியில் விரல் தயங்கியது என்பது பயன் தரும். எடுக்கும்போதே பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டு, பத்து விநாடிக்கு மேல் யோசித்த கேள்வியின் எண்ணை மட்டும் குறியுங்கள். இருபது கேள்வியில் இரண்டோ மூன்றோதான் தேறும். அந்தக் கேள்வியில் உங்களுக்குள் இரண்டு நெறிகள் மோதிக்கொண்டிருக்கின்றன. எந்த இரண்டு பதிலுக்கு நடுவே தயங்கினீர்கள், ஒவ்வொன்றையும் எந்தத் தத்துவம் ஆதரிக்கும் என்று தேடிப் பார்த்தால், படிக்க வேண்டிய இரண்டு பெயர்கள் கிடைத்துவிடும். பளிச்சென்று பதில் சொன்ன கேள்விகள் நீங்கள் ஏற்கெனவே யார் என்பதைத்தான் சொல்லும்.

போன் நம்பர், ஃபேஸ்புக் லாகின் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். மார்க் கூட்டுவதற்கு இரண்டுமே தேவையில்லை. "திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்" என்ற ஆளுமை க்விஸ் ஆப் வழியாகத்தான், ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் அரசியல் பிரச்சாரத்துக்காகத் திரட்டப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் நடந்தது. ஃபேஸ்புக் 2018இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் அந்த ஆப்பை நிறுவியவர்கள் 335 பேர். அவர்களின் நண்பர்கள் பட்டியல் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5.6 லட்சத்துக்கு மேல். ஒருவர் தட்டியது அவருடைய நண்பர்களையும் இழுத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

ஏற்கெனவே லாகின் கொடுத்திருந்தால் ஃபேஸ்புக் செட்டிங்ஸில் "ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்" பகுதிக்குப் போய் அந்த க்விஸை ரிமூவ் செய்யுங்கள். படித்த முதல் ஸ்கூல், அம்மாவின் சொந்த ஊர், முதல் வண்டி எது என்று தத்துவத்துக்குச் சம்பந்தமில்லாமல் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். அவை பாஸ்வேர்டை மீட்பதற்காகக் கேட்கப்படும் கேள்விகள். ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்க, பொண்ணு மாப்பிள்ளை பார்க்க இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அந்த மாதிரி முடிவுக்கான அளவுகோலாக இவை சோதிக்கப்படவில்லை.

எல்லா க்விஸிலும் கிரேக்கமும் ஐரோப்பாவும்தான் வருகிறது. நம் பக்கத்தில் இப்படி எதுவும் இல்லையா?

நம்மிடம் இருக்கும் பட்டியல் மிகப் பழையது. மணிமேகலையின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். க்விஸ் நம்மைக் கேள்வி கேட்கிறது. அங்கே கேட்பவள் ஒரு இளம்பெண், பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆசான்கள். வாசிப்பு வட்டங்களில் க்விஸை இந்த முறையில் திருப்பிப் போட்டு நடத்தலாம்: ஆளுக்கு ஒரு நெறியை எடுத்துக்கொண்டு வரட்டும், ஒருவர் சுற்றிச் சுற்றிக் கேட்கட்டும்.

தமிழ் க்விஸ் தயாரிப்பவர்கள் இவற்றில் இரண்டையாவது சேர்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒன்று, எல்லாம் முன்பே நியமிக்கப்பட்டது என்ற ஆசீவகம். ஊழ், விதி என்ற சொற்கள் அன்றாடம் வாயில் புழங்கும் ஊரில் அதற்கு ஒரு கட்டம் இல்லாவிட்டால், அப்படி நினைப்பவர்களின் பதிலெல்லாம் ஸ்டோயிக்கில் போய் விழும். இன்னொன்று, பூதவாதம், உலகாயதம் என்ற பொருள்முதல் பார்வை. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து வைத்தால் அவற்றில் தனித்தனியே இல்லாத போதை பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறார் அந்தப் பூதவாதி. அறிவு என்பது உடலிலிருந்து எழுவது என்பதற்கு இவ்வளவு துல்லியமான உவமை எந்த க்விஸிலும் இல்லை.

உலகாயதத்துக்குக் "கடன் வாங்கியாவது நெய் குடி" என்ற ஒரே வரியை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அவர்களுடைய சொந்த நூல்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எதிர்த்தரப்பு எழுதி வைத்தது.

ஆங்கில க்விஸை அப்படியே தமிழாக்கினால் போதாதா?

போதாது. எந்திர மொழிபெயர்ப்பு "நீங்கள் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்" என்று கேட்கும். பள்ளி என்பதற்குச் சமண, பௌத்தத் துறவியர் தங்குமிடம் என்ற பழைய பொருள் உண்டு, ஆகவே முழுத் தவறென்று தள்ள மனம் வரவில்லை. ஆனாலும் இன்று படிப்பவருக்கு ஸ்கூல்தான் நினைவுக்கு வரும். "நெறி" அல்லது "மரபு" என்று போடுங்கள். "சினிக்" என்பதைச் "சந்தேகப் பேர்வழி" என்று மாற்றினால், உடைமையைத் துறந்து வாழ்ந்த கிரேக்கத் தத்துவ அறிஞர் டயோஜெனிஸ் காணாமல் போய்விடுவார். அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் இரட்டை எதிர்மறை. "உதவாமல் இருப்பது தவறில்லை என்று நினைக்கவில்லை" என்ற வாக்கியத்துக்கு "ஆம்" தட்டியவர் எதற்கு ஆம் என்றார் என்று அவருக்கே தெரியாது. ஒரு வாக்கியத்தில் ஒரு எதிர்மறைக்கு மேல் வேண்டாம். "நேர்மையும் கருணையும் முக்கியம்" போல இரண்டு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் கட்டுவதும் வேண்டாம்.

எத்தனை கேள்வி வைப்பது? மார்க் எப்படிப் போடுவது?

ஏழு நெறி, நெறிக்கு மூன்று வாக்கியம், மொத்தம் 21. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை: 1 கொஞ்சமும் ஒப்பவில்லை, 5 முழுக்க ஒப்புகிறேன். வாக்கியத்துக்குப் பன்னிரண்டு விநாடி என்றால் நாலேகால் நிமிஷத்தில் முடியும். நாற்பதுக்கு மேல் போனால் கடைசியில் எல்லாவற்றுக்கும் 3 தட்டிவிட்டுப் போவார்கள்.

மூன்றில் ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்று தலையாட்டும் பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. திருப்பிப் போட்ட வாக்கியம் அதைச் சமன் செய்யும். ஸ்டோயிக்குக்கு இரண்டு நேர் வாக்கியம் வைத்து, மூன்றாவதாக "நினைத்தது நடக்காவிட்டால் அந்த நாளே வீண்" என்று வையுங்கள். இதற்கு மட்டும் மார்க் 6லிருந்து கழித்து வரும்: 2 தட்டினால் 4, 5 தட்டினால் 1. திருப்பிப் போடுகிறேன் என்று "இல்லை"யைச் சேர்க்காதீர்கள். எதிர்க் கருத்தையே நேராக எழுதுங்கள்.

இந்த அமைப்பில் எல்லா நெறிக்கும் கீழ் எல்லை 3, மேல் எல்லை 15. முதல் கேள்வியில் சொன்ன சமமின்மை வராது. 13க்கும் 12க்கும் இடையில் இருப்பது பெரிய வித்தியாசம் அல்ல. 2 மார்க் இடைவெளிக்குள் இருப்பதை "இணையாக வந்தவை" என்று சேர்த்தே காட்டுங்கள்.

டிராலி கேள்வி வைக்கலாமா?

பிரேக் பிடிக்காத வண்டி, தண்டவாளத்தில் ஐந்து பேர், திருப்பிவிட்டால் ஒருவர் சாவார் என்ற அந்தக் கேள்வி 1967இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஃபிலிப்பா ஃபூட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தினமும் நிற்பவரிடம் இதைக் கேட்டால், தண்டவாளத்தில் எதற்கு ஐந்து பேர் நிற்கிறார்கள், கேட் கீப்பர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார். கேள்வி அவர் வாழ்க்கையோடு ஒட்டவில்லை.

மழைக்கால வட சென்னைக்கு இப்படி எழுதலாம்: இடுப்பளவு தண்ணீர். உங்களிடம் ஒரே படகு. தெருவின் ஒரு முனையில் மாடியேறி நிற்கும் ஐந்து பேர். மறுமுனையில் தனியாக ஒரு பாட்டி. "இதோ வந்துடறேன் பாட்டி" என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். இருட்டுவதற்குள் ஒரு பக்கம்தான் போக முடியும். இங்கே எண்ணிக்கை ஒரு பக்கம், கொடுத்த வாக்கு ஒரு பக்கம். மில்லும் கான்ட்டும் பிரிகிற இடம் தானாக வந்துவிடுகிறது.

பதில்களை எழுதும்போதுதான் தவறு நடக்கும். "பாட்டியிடம் போவேன், ஏனென்றால் மனிதம்தான் பெரிது" என்று ஒன்றை மட்டும் அலங்கரித்தால் எல்லாரும் அதையே தட்டுவார்கள். எல்லாப் பதிலும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே மரியாதை: "ஐந்து பேர் பக்கம் போவேன், அதிக உயிர் தப்பும்." "பாட்டி பக்கம் போவேன், வாக்குக் கொடுத்துவிட்டேன்." இப்படிக் காட்சிக் கேள்விகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். அவற்றுக்கு 21 வாக்கியத்தோடு சேர்த்து மார்க் போடாமல், பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஃபார்மில் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் அதிலிருக்கும் "க்விஸ்" வசதியால் முடியாது. அது சரி, தவறு பார்த்து ஒரே மொத்தம்தான் போடும். சாதாரண ஃபார்மாகத் திறந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை நேர்கோட்டு அளவுகோல் வைத்து, எல்லாவற்றையும் கட்டாயம் என்று குறியுங்கள். விட்ட கேள்வி பூஜ்யமாகச் சேர்ந்தால் கணக்கே கெட்டுவிடும். கேள்விகளின் வரிசையைக் கலைக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். ஒரே நெறியின் மூன்று வாக்கியம் அடுத்தடுத்து வந்தால் நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர், ஈமெயில் சேகரிப்பை அணைத்துவிட்டு, ஒரு புனைபெயர் மட்டும் கேளுங்கள்.

பதில்களை ஷீட்டுக்கு அனுப்பி, அதன் பக்கத்தில் ஏழு புதிய நெடுவரிசைகள் போட்டு, நெறிக்கு மூன்று கட்டங்களைக் கூட்டுங்கள். திருப்பிப் போட்ட கட்டத்தை மட்டும் 6லிருந்து கழிக்க மறக்காதீர்கள். வெளியிடும் முன் மூன்று சோதனை: எல்லாவற்றுக்கும் 3 தட்டினால் ஏழு நெறிக்கும் 9 வர வேண்டும். எல்லாவற்றுக்கும் 5 தட்டினால் ஏழுக்கும் 11 வர வேண்டும் (5, 5, 1). எல்லாவற்றுக்கும் 1 தட்டினால் 7. இதில் ஒன்று பிசகினாலும் ஏதோ ஒரு கட்டம் தவறு. கூட்டம் முடிந்து ரிசல்ட் கொடுத்த பிறகு பதில்களை ஃபார்மிலும் ஷீட்டிலும் இரண்டிலுமே அழியுங்கள். ஒன்றில் அழித்தால் மற்றதில் அழியாது.

எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் எப்படி எடுப்பது?

ஒருவர் வாசிக்க, அவர் விரலால் ஒன்று முதல் ஐந்து காட்டட்டும். வாசிப்பவர் வீட்டு ஆளாக இருக்க வேண்டாம். மகன் வாசித்தால் அம்மா மகனுக்குப் பிடித்த பதிலைக் காட்டுவார். வாக்கியத்தை இரண்டு முறை ஒரே தொனியில் வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். புரியவில்லை என்றால் வாக்கியத்தில்தான் குறை. குறித்துக்கொண்டு பிறகு திருத்துங்கள்.

அடுத்து எதைப் படிப்பது, எங்கே போவது?

ஸ்டோயிக் என்றால் எபிக்டீடஸின் கையேடு, எபிக்கூரியன் என்றால் மெனோசியஸுக்கு எழுதிய கடிதம். இரண்டுமே ஓரிரு மணி நேரத்தில் முடியும். மணிமேகலை 27ஆம் காதையை உரையோடு எடுங்கள். சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கிளை நூலகம்.

நடந்து போய்ப் பார்க்கவும் இடங்கள் உண்டு. வள்ளலார் வாழ்ந்தது ஏழுகிணறு வீராசாமித் தெருவில். சிறு வயதில் பாடியது கந்தகோட்டத்தில். உலகப் பற்றை உதறிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடலோரம். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. உழைப்பவனுக்கு எது நியாயம் என்ற கேள்வி இந்தத் தெருக்களில் பேசப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுகிணற்றில் தொடங்கி, பஸ் பிடித்துத் திருவொற்றியூரில் முடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். தயங்கிய கேள்விகளைக் குறித்த அந்தத் துண்டுத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள்.